முப்பது ஆக்சிஜன் செறிவூட்டிகள்: பினாங்கிலிருந்து மலாவிக்குச் சென்ற ஓர் உதவி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கோவிட் நோயாளிகளுக்குப் படுக்கை கிடைக்கவில்லை. வேலையிழந்த குடும்பங்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டி அரிசிக்கும் மருந்துக்கும் உதவி கேட்ட காலம் அது. அந்த நெருக்கடி பினாங்கையும் எட்டியபோது, ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபத்தை மையமாகக் கொண்டு இயங்கிய தமிழர் குழு ஒன்று நன்கொடை திரட்டி, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டிகள் வாங்கியது. வீட்டில் மூச்சுத் திணறலோடு கிடந்தவர்களுக்கு அவற்றை இரவல் கொடுத்து, குணமானதும் திரும்பப் பெற்று, துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தது. இந்த வேலையை அவர்கள் மிக நன்றாகச் செய்தார்கள். எந்தக் கருவி எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆசிரியை ஒருவர் எழுதி வைத்திருந்த கணக்கைப் பல நிறுவனங்களின் இருப்புப் பதிவேட்டைவிட நம்பலாம்.

2022 இறுதியில் அந்தக் கருவிகளுக்கு வேலையில்லாமல் போனது. மண்டபத்தின் பின்னறையில் திருவிழாச் சாமான்களோடு அவை அடுக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் கோலாலம்பூரில் மருந்தியல் படித்துவிட்டு நாடு திரும்பியிருந்த, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளைஞர் ஒருவர் வழியாக ஒரு கடிதம் வந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு மாவட்ட மருத்துவமனை உதவி கேட்டிருந்தது.

மலாவி உலக வங்கியின் வகைப்பாட்டில் குறைந்த வருமான நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு கோடி; தலைக்கு ஆண்டு வருமானம் 1,000 அமெரிக்க டாலருக்கும் கீழ். கடற்கரை கிடையாது. சுகாதாரச் செலவில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கொடையிலிருந்தே வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கொல்லும் நோய்களில் நிமோனியா முன்வரிசையில் இருக்கிறது. கடுமையான நிமோனியாவில் ஆக்சிஜன்தான் உயிரைப் பிடித்து வைக்கும். ஆக்ஸிஜன் குறைபாட்டுக்கான சிகிச்சை என்ற வகையில் உலக சுகாதார நிறுவனம் ஆக்சிஜனை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். ஆகவே ஆக்சிஜன் கருவி அனுப்புவது என்ற எண்ணத்தில் குறையொன்றும் இல்லை.

இதை எழுதுகிற நான் அந்தக் குழுவின் உறுப்பினன் அல்லன். கணக்குத் தணிக்கை என் தொழில். 2024 தொடக்கத்தில், இரண்டாம் முறையாக நிதி திரட்டுவதற்கு முன், முதல் முறை அனுப்பியவை என்னவாயின என்று பார்த்துச் சொல்லும்படி செயலவை என்னைக் கேட்டுக்கொண்டது. ஆட்களின் பெயர்களும் மருத்துவமனையின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. இதை வெளியிடுவதற்குக் குழுவும் மருத்துவமனையும் இசைந்துள்ளன.

கடிதம் கேட்டதும் குழு படித்ததும்

கடிதம் ஒன்றரைப் பக்கம். மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி எழுதியது. முதலில் கேட்டிருந்தது குழந்தைகள் வார்டுக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்கள். பெரியவர்களின் விரலில் மாட்டுவது போதாது, கைக்குழந்தையின் பாதத்தில் பொருந்தும் உணரிகளும் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அடுத்து, ஏற்கெனவே அங்கிருந்த செறிவூட்டிகளுக்கு வடிகட்டிகள். பிறகு, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது கருவியைக் காக்கும் ஸ்டெபிலைசர்கள். ஜெனரேட்டருக்கான டீசல் செலவில் பங்கு. கடைசிப் பத்தியில், இயன்றால் இன்னும் சில செறிவூட்டிகளும் அனுப்பலாம் என்று ஒரு வரி.

அந்த மாதச் செயலவைக் கூட்டக் குறிப்பில் இது இப்படிப் பதிவாகியிருக்கிறது: “மலாவி மருத்துவமனை ஆக்சிஜன் கருவி கேட்கிறது. நம்மிடம் இருக்கிறது. அனுப்பத் தீர்மானம்.” முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் கீழே.

கையில் எது இருக்கிறதோ அது கேட்பவரின் தேவையாகத் தெரிவது இந்தக் குழுவுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. கோடிக்கணக்கில் செலவிடும் அரசுகளும் தங்கள் நாட்டில் உபரியாக இருக்கும் தானியத்தையும், தங்கள் நிறுவனங்கள் செய்யும் இயந்திரத்தையும்தான் நெடுங்காலமாக உதவி என்று அனுப்பி வந்திருக்கின்றன. 2005இல் பாரிஸில் கொடை நாடுகளும் பெறும் நாடுகளும் சேர்ந்து ஏற்ற பிரகடனத்தின் முதல் கொள்கையே, எது தேவை என்று முடிவு செய்யும் உரிமை பெறுகிறவருடையது என்பதுதான். அந்த உரிமையைப் பயன்படுத்தி மருத்துவமனை ஒரு பட்டியலை வரிசைப்படி எழுதித்தான் அனுப்பியிருந்தது.

அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவிகள் முப்பது. மூன்று தயாரிப்பாளர்களுடையவை. இருபது கருவிகள் மருத்துவமனைத் தரத்தவை: நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்திலும் 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான ஆக்சிஜன் தருபவை. எஞ்சிய பத்தும் 2021 நெருக்கடியில் இணையத்தில் கிடைத்த விலைக்கு வாங்கப்பட்ட சிறிய வீட்டு உபயோகக் கருவிகள். “1 முதல் 7 லிட்டர் வரை” என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். 1 லிட்டரில் தூய்மை 90 விழுக்காடு இருக்கும். ஓட்டத்தைக் கூட்டக் கூட்டத் தூய்மை சரிந்து, 7 லிட்டரில் 30 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் பயன் எவ்வளவு என்பது புரியும். இந்த இரண்டு வகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஜெலுத்தோங்கில், கூப்பிடு தூரத்தில் இருந்தார். மருத்துவக் கருவிகள் பராமரிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரை யாரும் கேட்கவில்லை.

கப்பலும் எல்லையும்

2023 ஜனவரியில் பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து சரக்கு கிளம்பியது. கப்பல் கட்டணத்தைக் குழுவே கொடுத்தது. மலாவிக்குக் கடல் இல்லாததால் சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி லாரியில் எல்லை தாண்ட வேண்டும். நன்கொடைப் பொருளுக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. ஆனால் அதற்கு அந்நாட்டு அமைச்சின் கடிதம் வேண்டும், மருத்துவக் கருவி என்பதால் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். இவற்றைச் சரக்கு கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். சரக்கு நடுக்கடலில் இருந்தபோதுதான் மருத்துவமனை விண்ணப்பமே எழுதியது. ஏனென்றால் சரக்கு கிளம்பிவிட்டது என்ற செய்தியே அப்போதுதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அது மலாவிக்கு மிகக் கெட்ட காலம். 2022இல் தொடங்கிய காலராவில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்த பருவம் அது. 2023 மார்ச் மாதத்தில் ஃபிரெடி புயல் தென்பகுதியைத் தாக்கியது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அமைச்சில் முப்பது பெட்டிகளுக்கான விலக்குக் கடிதத்தில் கையெழுத்திட அந்த வாரங்களில் யாருக்கு நேரம் இருந்திருக்கும்? பெட்டிகள் மலாவியின் தென்பகுதி நகரான பிளான்டையரில் ஒரு சரக்குக் கிடங்கில் மழைக்காலம் முடியும்வரை கிடந்தன. கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறியது.

அந்த வாடகையைக் கட்டியது மருத்துவமனை. எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்டபோது நிர்வாக அதிகாரி முதலில் சொல்லத் தயங்கினார். ஆம்புலன்ஸ் எரிபொருளுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்ததாகப் பிறகு சொன்னார். இலவசமாக வந்த ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்காக, தொலைதூரச் சுகாதார நிலையங்களிலிருந்து பிரசவ வலியோடு வரும் பெண்களை ஏற்றிவரும் வண்டியின் எண்ணெய்ப் பணம் போயிருக்கிறது. பினாங்கில் இது ஒருவருக்கும் தெரியாது. குழுவின் ஆண்டறிக்கையில் வந்ததெல்லாம் மருத்துவமனை வாசலில் முப்பது பெட்டிகளும் வரிசையாக நிற்க, பின்னால் குழுவின் பதாகையைத் தாதியர் பிடித்திருக்கும் படம்.

கண்டவை

ஆய்வுக்கு மூன்று வழிகளைக் கையாண்டோம். பினாங்கில் உள்ள ஆவணங்களை நான் படித்தேன். மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, வார்டுத் தாதியர், கருவி பழுதுபார்க்கும் இளைஞர் ஆகியோரோடு காணொளி வழியாகப் பேசினேன். ஜெலுத்தோங்கின் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் 2024 மே மாதம் சொந்தச் செலவில் அங்கே சென்று ஒவ்வொரு கருவியையும் கையால் தொட்டுச் சோதித்தார். புறப்படும்போது கைப்பையில் அவர் எடுத்துச் சென்ற முக்கியமான பொருள் உள்ளங்கையில் அடங்கும் ஆக்சிஜன் அளவி ஒன்று.

முப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நல்ல நிலையில் வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. சில, பெட்டி பிரிக்கப்படாமலே கிடங்கில் இருந்தன. இரண்டை மற்றவற்றுக்கு உதிரிபாகம் எடுக்கப் பிரித்திருந்தார்கள். அவரைக் கவலைப்படுத்தியவை இவை அல்ல. ஓடிக்கொண்டே பயன் தராதவை.

குழந்தைகள் வார்டில் ஒரு கருவி. சுவிட்சைப் போட்டதும் வழக்கமான உறுமல். முன்பக்கக் கண்ணாடிக் குழாயில் ஓட்டத்தைக் காட்டும் சிறு குண்டு 5 லிட்டர் கோட்டில் துள்ளி நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரி. அளவியைக் குழாயில் செருகியபோது தூய்மை 50 விழுக்காட்டுக்குச் சற்று மேலே காட்டியது. பின்மூடியைத் திறந்தார். காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் இருந்த ஸ்பஞ்சு வடிகட்டி செம்மண் தூசு அப்பி, அடைபோலக் கெட்டியாகியிருந்தது. உள்ளே குழாய் இணைப்பில் வெள்ளையாக மாவு. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துப் பிடித்துவைக்கும் சியோலைட் மணிகள் ஈரம் பட்டு நொறுங்கினால் இப்படித்தான் வெளிவரும். மழைக்காலம் முழுவதும் கிடங்கில் கிடந்ததன் விளைவு இது என்பது அவர் கணிப்பு. தூய்மை குறைந்தால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணியின் கம்பி கழற்றப்பட்டிருந்தது. இரவெல்லாம் கத்திக்கொண்டே இருந்தது, குழந்தைகள் தூங்கவில்லை, கேட்டுச் சரிசெய்ய ஆளும் இல்லை என்று வார்டுத் தாதி சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. தூய்மையை அளந்து பார்க்கும் கருவி அந்த மருத்துவமனையிலேயே கிடையாது.

இன்னொரு வார்டில் கருவிக்குத் தூசு படாமல் இருக்கட்டும் என்று பூப்போட்ட துணியால் உறை தைத்துப் போர்த்தியிருந்தார்கள். அன்போடு செய்தது. காற்று போக வழியில்லாமல் கருவி சூடேறி அடிக்கடி நின்றுபோனது.

பத்து சிறிய கருவிகளில் ஒன்றைக்கூட மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்பது தொழில்நுட்பரின் தீர்ப்பு. அந்தப் பத்திலும் கொடையாளர் பெயர் பொறித்த தகடு இருந்தது. நம் ஊர்க் கோயில்களில் குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைத்து எழுதிய “உபயம்” போல, ஒன்றிரண்டில் அந்தத் தகடு காற்றுத் துளைகளின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது.

பழுதுக்குப் பின்னால் இருந்தவை

கருவி பழுதானதற்குத் தூசு காரணம் என்று அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வடிகட்டியை ஏன் யாரும் மாற்றவில்லை என்ற கேள்வி நம்மை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலாவது, வடிகட்டி அந்நாட்டில் செய்யப்படுவதில்லை. இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். 2023 நவம்பரில் மலாவியின் மத்திய வங்கி, டாலரின் விலை 44 விழுக்காடு ஏறும்படி, நாட்டின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன் ஒரு டாலர் 1,200 குவாச்சாவுக்கும் குறைவு, அதற்குப் பின் 1,700. மாவட்ட மருத்துவமனையின் பராமரிப்பு நிதி குவாச்சாவில் வருகிறது, அதுவும் ஒதுக்கியது முழுதாக வந்து சேர்வதில்லை. நாணயம் சரிந்தபோது உதிரிபாகத்தின் விலை ஒரே இரவில் ஏறத்தாழ பாதியளவு கூடிப்போனது. கையில் பணம் இருந்தாலும் டாலர் கிடைக்காத மாதங்கள் உண்டு.

இரண்டாவது, மின்சாரம். 2022 ஜனவரியில் அனா புயல் ஷைர் ஆற்றின் கபிச்சிரா அணையை உடைத்தபோது ஏறத்தாழ 130 மெகாவாட் உற்பத்தி ஒரேயடியாக நின்றது. அந்தச் சிறிய மின்கட்டமைப்புக்கு அது பேரிழப்பு. அணை சீரானபின்னும் மின்தடை ஓயவில்லை. செறிவூட்டிக்கு ஏறத்தாழ 350 வாட் இடைவிடாமல் வேண்டும். ஜெனரேட்டர் டீசலுக்கும் அதே அந்நியச் செலாவணிப் பஞ்சம்தான். நம் செயலவை தாண்டிச் சென்ற ஸ்டெபிலைசர் வரி இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது: மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் எகிறி, சில கருவிகளின் மின்பலகை கருகிப்போயிருந்தது.

மூன்றாவது கொடையாளர்களின் நெரிசல். நம் குழு அங்கே ஒற்றைக் கொடையாளர் அன்று. ஓர் ஐரோப்பிய அறநிறுவனம், ஒரு திருச்சபை, ஒரு பன்னாட்டு நிதியம் என்று வேறு பலரும் செறிவூட்டிகள் கொடுத்திருந்தார்கள். எல்லாருடைய கருவியும் வேறு வேறு தயாரிப்பு. ஒன்றின் வடிகட்டி மற்றதில் பொருந்தாது. எல்லாருடைய அறிக்கைப் படிவமும் வேறு வேறு. மாவட்டத்துக்கே கருவி பழுதுபார்ப்பவர் ஒருவர்தான். அவர் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் படிவம் நிரப்பும் வேலையில் நாள்கணக்கில் சிக்கிக்கொள்கிறார். பினாங்குக் குழுவின் படிவம் நான்கு பக்கம். அதில் கருவியின் தூய்மை அளவைக் கேட்கும் கட்டம் இல்லை. பயனாளிகள் எத்தனை பேர், படம் இணைக்கப்பட்டுள்ளதா என்ற கட்டங்கள் இருந்தன.

இந்த நெரிசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 முதல் கொடை நாடுகள் பல மலாவியின் சுகாதார அமைச்சோடு சேர்ந்து ஒரே திட்டம், பொதுவான நிதித்தொகுப்பு என்ற முறையில் செயல்பட்டன. அந்தக் காலத்தில் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது. தாதியரும் மருத்துவ ஊழியர்களும் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்க, முக்கியமாகப் பிரிட்டனின் நிதியோடு, பதினொரு பிரிவு ஊழியர்களுக்கு 52 விழுக்காடு சம்பள உயர்வு தரப்பட்டது. கொடையாளர்கள் பொதுவாகத் தொடத் தயங்கும் சம்பளச் செலவு அது. ஊழியர் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பெருகியது. பின்னர் 2013இல் “கேஷ்கேட்” என்று பெயர்பெற்ற அரசுப் பண மோசடி வெளியானதும் கொடை நாடுகள் அரசுக் கருவூலத்துக்கு நேரடியாகப் பணம் தருவதை நிறுத்தின. அதற்கு அவர்களுக்கு நியாயம் இருந்தது. தங்கள் மக்களின் வரிப்பணம் களவு போவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பணம் தனித்தனித் திட்டங்களாகப் பிரிந்தபோது, வடிகட்டி, டீசல், படிக்காசு போன்ற அன்றாடச் செலவுகள் யார் கணக்கிலும் இல்லாமல் போயின. புதுக் கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பார். அதன் கூரை ஒழுகினால் கிடைக்க மாட்டார்.

செயலவையின் முடிவுகள்

2024 ஜூன் மாதக் கூட்டம் நெடுநேரம் நடந்தது. பார்வையாளனாக நானும் இருந்தேன். முதலில் எழுந்த யோசனை, பழுதானவற்றுக்குப் பதில் புதிய, தரமான கருவிகள் அனுப்பலாம் என்பது. கொடுக்க ஆள் தயாராக இருந்தது. பொருளாளர் இதை ஆதரித்துச் சொன்ன காரணம் வெளிப்படையானது: “அண்ணே, அப்பா பெயரில் ஒரு கருவி என்றால் ஆயிரம் ரிங்கிட் கொடுக்க நாளைக்கே பத்துப் பேர் வருவார்கள். ஸ்பஞ்சு வாங்க வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?” தொழில்நுட்பர் கேட்டார்: “ஸ்பஞ்சு வாங்க ஆள் இல்லாத இடத்துக்கு இன்னும் பத்துக் கருவி போனால், பத்து ஸ்பஞ்சு கூடுதலாக அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதானே?”

இரண்டாவது யோசனை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உள்ளூர்த் தமிழ்ப்பள்ளிகளுக்குச் செலவிடலாம் என்பது. இதை முன்வைத்தவரைச் சிலர் கடிந்துகொண்டார்கள்; எனக்கு அது கேட்கத்தக்க கேள்வியாகவே பட்டது. ஆனால் மருத்துவமனையைக் கிடங்கு வாடகை கட்ட வைத்துவிட்டுக் கையைக் கழுவுவது முறையன்று என்ற ஆசிரியையின் வாதம் வென்றது.

முடிவாக ஏற்றது இது. புதிய கருவி அனுப்புவதில்லை. மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை. அதில் வடிகட்டிகள், சியோலைட் உருளைகள், ஸ்டெபிலைசர்கள், இரண்டு ஆக்சிஜன் அளவிகள், குழந்தைகளுக்கான ஆக்சிமீட்டர் உணரிகள். முதல் கடிதத்தின் பட்டியலுக்கே திரும்பிப் போனார்கள் என்றும் சொல்லலாம். பத்து சிறிய கருவிகளையும் வார்டிலிருந்து அகற்ற மருத்துவமனை ஒப்புக்கொண்டது. ஒரு தயாரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற தயாரிப்புக் கருவிகளை அதே தயாரிப்பை ஏற்கெனவே பயன்படுத்தும் அண்டை மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றுவது. கிடங்கு வாடகையைத் திருப்பித் தருவது.

உதிரிபாகங்களைப் பினாங்கில் வாங்கி அனுப்புவதா, அங்கேயே வாங்கப் பணம் அனுப்புவதா என்பதில் இழுபறி. அங்கே வாங்கினால் உள்ளூர் வணிகர் வளர்வார். நம் உதவி நின்றாலும் வழி நிற்கும். ஆனால் நாணயம் இருந்த நிலையில் வணிகரிடம் சரக்கே இல்லை. முதல் இரண்டாண்டு இங்கிருந்து அனுப்புவது, மூன்றாம் ஆண்டு பாதியை அங்கே வாங்கிப் பார்ப்பது என்று முடிந்தது.

பழுதுபார்ப்பவருக்குச் சம்பளத்தில் கூடுதல் தரலாமா என்பதையும் பேசினார்கள். நாடளவில் அரசோடு சேர்ந்து செய்த சம்பள உயர்வு வேறு, ஒரு சிறு குழு ஒருவருக்கு மட்டும் கொடுப்பது வேறு. மலாவியில் தொண்டு நிறுவனங்கள் தரும் படிக்காசுக்காக அரசு ஊழியர்கள் பயிற்சிக் கூட்டங்களுக்கு ஓட, வார்டில் ஆளில்லாமல் போவது பழைய புகார். ஆகவே கூடுதல் சம்பளம் இல்லை. அரசு விகிதத்திலேயே பயணப்படி மட்டும். பயிற்சி அவர் ஒருவருக்கு இல்லாமல் மூன்று பேருக்கு: அவர், அவருடைய உதவியாளர், ஒரு வார்டுத் தாதி. வெளிநாட்டினருக்குப் பயிற்சியளிப்பதையே மையமாகக் கொண்ட தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தை மலேசிய அரசு 1980 முதல் நடத்திவருகிறது. பொருளைவிட ஆளுக்குப் பயிற்சி நீடிக்கும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தி அன்று.

படிவம் ஒழிந்தது. மருத்துவமனையின் சொந்தக் கருவிப் பதிவேட்டின் நகலே போதும். அதில் மாதம் ஒருமுறை அளந்த தூய்மை என்ற ஒரு கட்டத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள்.

பின்னர் நடந்தவை

முதல் தொகுதி உதிரிபாகங்கள் 2024 இறுதியில் சேர்ந்தன. இம்முறை வரிவிலக்குக் கடிதம் கையில் வந்தபிறகே சரக்கு கிளம்பியது. கிடங்கு வாடகை ஏற்படவில்லை. 2025 நடுவில் பதிவேட்டின்படி, அங்கே வைத்துக்கொண்ட கருவிகளில் ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாம் 85 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை காட்டின. ஒரு 5 லிட்டர் கருவியிலிருந்து பிரிப்பான் வைத்து நான்கு கைக்குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் ஆக்சிஜன் தரும் முறையைத் தாதியே தொடங்கியிருந்தார். இதனால் எத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள் என்று சுவரொட்டிக்கு ஒரு எண் வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். வார்டில் அப்படியொரு கணக்கு இல்லை. இல்லாத எண்ணை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டாம் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள், சற்று மனத்தாங்கலோடு.

எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. பயிற்சி முடிந்த சில மாதங்களில் பழுதுபார்க்கும் இளைஞர் தலைநகர் லிலோங்குவேயில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் இரட்டிப்புக்கும் மேலான சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். நாம் பயிற்றுவித்த ஆளை வேறொரு கொடையாளரின் பணம் இழுத்துக்கொண்டது. இதில் அவரைப் பழிக்க ஒன்றுமில்லை. மூன்று பேருக்குப் பயிற்சி தந்திருந்ததால் வேலை நிற்கவில்லை, உதவியாளர் பொறுப்பேற்றார். ஒரே ஆளை நம்பியிருந்தால் திட்டம் அன்றோடு முடிந்திருக்கும்.

பதிவேட்டையே அறிக்கையாக ஏற்கும்படி மற்ற கொடையாளர்களையும் மருத்துவமனை கேட்டது. திருச்சபை ஒப்புக்கொண்டது. பன்னாட்டு நிதியம் தன் விதிகள் இடம் தராது என்று எழுதிவிட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை முடக்கி, பின்னர் பெரும்பாலான திட்டங்களை ரத்து செய்தபோது மருத்துவமனையின் எச்ஐவி பிரிவில் பலர் வேலையிழந்தார்கள். அந்தத் திட்டத்தின் பணத்தில்தான் ஜெனரேட்டருக்கு டீசலும் ஓரளவு வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. டீசலுக்கு உதவ முடியுமா என்று பினாங்குக்கு அவசரக் கடிதம் வந்தது. குழு ஒருமுறை மட்டும் கொடுத்தது, அதை ஒருமுறை மட்டும் என்று எழுதியும் கொடுத்தது. பல ஆண்டுகளாக ஒரு பெரிய அரசு தாங்கிய சுமையை ஒரு கோயில் மண்டபக் குழு தூக்க முடியாது.

இங்கே, பினாங்கில், வசூல் பாதியாகக் குறைந்தது. பெயர்த்தகடு இல்லை என்றதும் விலகியவர்கள் உண்டு. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் வைத்த சாவடியில் அடைபட்ட பழைய வடிகட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசிரியை விளக்கினார். நின்று கேட்டவர்கள் பலர், கொடுத்தவர்கள் சிலர். ஆனால் அந்தச் சிலரில் பெரும்பாலோர் மாதந்தோறும் தருவதாக எழுதிக்கொடுத்தவர்கள். மூன்றாண்டு வாக்குறுதிக்குத் தேவையானது அந்த வகைப் பணம்தான்.

இனி வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை

இதே போன்ற வேலையில் இறங்கும் மற்றக் குழுக்களுக்கு என் பரிந்துரைகள் சில. பெறுகிறவர் எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் முழுதாக வாசியுங்கள். சுருக்கத்தின் மேல் தீர்மானம் போடாதீர்கள். அங்கே ஏற்படும் கிடங்கு, சுங்கம், லாரிச் செலவை அனுப்புகிறவர் முன்கூட்டியே ஏற்க வேண்டும். கருவி எதுவானாலும், குறைந்தது மூன்றாண்டுப் பராமரிப்புக்கான பணம் கையில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். கருவி வேலை செய்கிறதா என்று அளக்கும் சாதனம் கருவியோடு சேர்ந்தே போக வேண்டும். அங்கே ஏற்கெனவே எந்தத் தயாரிப்பு இருக்கிறது என்று கேட்டுவிட்டு அதையே கொடுங்கள். தொழில் தெரிந்தவர் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். அவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். செத்த கருவிகளை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். அந்தப் பத்து சிறிய கருவிகளும் இன்னும் மருத்துவமனைக் கிடங்கில்தான் இருக்கின்றன. அரசுச் சொத்துப் பட்டியலில் ஏறிவிட்டதால், கணக்கிலிருந்து நீக்குவதற்கு அனுமதி வர வேண்டும்.

மூன்றாம் ஆண்டு முடிந்தபின் வடிகட்டிகளை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. மாவட்டச் சுகாதார அலுவலகம் தன் ஆண்டுத் திட்டத்தில் ஆக்சிஜன் கருவிப் பராமரிப்பு என்று தனிச் செலவினம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஒதுக்கிய தொகை கேட்டதில் பாதிக்கும் குறைவு. இதை எழுதும் நேரம்வரை அதில் முதல் தவணை வந்திருக்கிறது.